இலை போட்ட பிறகு

மருந்து உள்ளே போயாகிவிட்டது, சோறு இன்னும் வரவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் குழல்வாய்மொழி. தங்கச்சி நித்யகல்யாணியின் நிச்சயதார்த்தப் பந்தி. தென்காசியில் பெரிய மண்டபம். நித்யாவுக்கு இடதுபக்கத்து நாற்காலி மொழிக்கு, எதிர்வரிசை முழுக்க மாப்பிள்ளை வீட்டார். முன்னால் இலை. இலையில் என்னதான் இல்லை? உப்பு, லட்டு, வெல்லம் போட்ட மாங்காய்ப் பச்சடி, அவியல், கூட்டு, ஏத்தங்காய் வற்றல், வடை, எல்லாவற்றையும் மூடிக்கொண்டு ஒரு அப்பளம். எல்லாம் இருந்தது, தொடத்தான் கூடாது. சம்பந்தி பந்தியில் மாப்பிள்ளையின் தாய்மாமன் முதல் இலையில் உட்கார்ந்து கைவைத்த பிறகுதான் மற்றவர்கள் கைவைக்கலாம், சோறும் அதற்கப்புறம்தான் விழும். அந்தத் தாய்மாமனோ மண்டபத்து வாசலில் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். சந்தனத்தையும் மாலையையும் தனக்கு முதலில் தராமல் மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்குத் தந்துவிட்டார்களாம். அறுபது வயசு மனுஷன், எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு. போகட்டும், கோபம் வரவேண்டிய ஆளுக்குக் கோபம் வரும், இன்றைக்கா வரவேண்டும், நான் சாப்பாட்டுக்கு இன்சுலின் போலஸ் போட்ட பிறகா வரவேண்டும் என்று மொழி நினைத்தாள். நினைத்தபோதே மேலுதட்டின் மேல் ஒரு ஈரம் பூத்தது. ஃபேன் தலைக்கு நேரேதான் சுற்றுகிறது. அப்படியென்றால் இது புழுக்கத்து வியர்வை இல்லை.

புழுக்கமாகவும் இருக்கலாம். பட்டுச்சேலை, ஆடிப்போன உடம்பு, காலையிலிருந்து நின்ற நிலை. எதற்கெடுத்தாலும் அதைத்தான் நினைப்பாயா என்று தன்னையே ஒரு அதட்டுப் போட்டாள். இடுப்பில், உள்பாவாடை நாடாவுக்குள், பழைய பட்டன் போன் அளவில் இன்சுலின் பம்ப் செருகியிருந்தது. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வயிற்றுக்கு ஓடி, தோலுக்குள் இறங்கியிருக்கிற கானுலாவில் முடிகிறது. சேலைக்கு மேலேயே விரலால் தடவிப் பட்டனை அமுக்கி மருந்து விடுகிற வசதி அதில் உண்டு. ஒரு அமுக்குக்கு இவ்வளவு மருந்து என்று கணக்கு, ஒரு அதிர்வு. எல்லாவற்றையும் சேர்த்து அது திரும்ப அதிர்ந்து காட்டும், சரியென்று இன்னொரு தடவை அமுக்கினால் உள்ளே விட ஆரம்பிக்கும். இலையில் தண்ணீர் தெளித்த உடனே அமுக்கினாள். சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முந்தி போலஸ் போட்டால்தான் மருந்தும் சோறும் சேர்ந்து நடக்கும், பிந்திப் போட்டால் சோறு முந்திக்கொள்ளும். இலை போட்ட பிறகு சோறு வராத பந்தி உலகத்தில் உண்டா? கல்யாணப் பந்தியில் இலை போட்டால் போட்டதுதான், அடுத்த பந்திக்காரன் நாற்காலிக்குப் பின்னாலேயே நிற்பான். அதை நம்பித்தான் அமுக்கினாள். சோற்றுக்கு, லட்டுக்கு, பாயசத்துக்கு. பாயசத்துக்கு அமுக்கும்போதுதான் எதிரிலிருந்து மாப்பிள்ளையின் அத்தை, "நீதான் மூத்தவளா?" என்று கேட்டாள். ஆமா அத்தை என்று சிரித்தாள். சிரித்துவிட்டு மறுபடி அமுக்கினாளா? பாயசத்துக்கு இரண்டு தரம் போய்விட்டதா? அது திரும்ப அதிர்ந்தபோது எண்ணினாளா, இல்லை அத்தையின் மூக்குத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாளா? மூக்குத்தி ஞாபகம் இருக்கிறது. எண்ணிக்கை ஞாபகம் இல்லை.

எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பம்பிலேயே ஆக்டிவ் இன்சுலின் என்று ஒரு வரி உண்டு, இன்னும் எவ்வளவு மருந்து உள்ளே நின்று வேலை பார்க்கிறது என்று சொல்லும். எடுப்பது எப்படி, இத்தனை பேர் எதிரில் இடுப்புச் சேலையை விலக்கியா? கையில் போன் இருந்தால், தோளில் ஒட்டியிருக்கிற சென்சார் அதற்கு அனுப்புகிற சர்க்கரைக் கணக்கையாவது பார்க்கலாம். போன் அம்மாவின் கைப்பையில். காலையிலேயே பிடுங்கிக்கொண்டாள் அம்மா, "அது நடுச்சபையில கீகீன்னு கத்தித் தொலைக்கும்டி, இன்னைக்கு ஒருநாள் வேண்டாம்" என்று. குளுக்கோஸ் மாத்திரையும் அந்தப் பையில்தான். அம்மா அந்தா, தூணுக்குப் பக்கத்தில், மாப்பிள்ளையின் அம்மா காந்திமதியத்தையோடு நின்று கையைப் பிசைகிறாள். அம்மாவுக்கு அதற்குப் பேரே கிடையாது. அது, அந்த மெஷின், அந்தச் சனியன். பேசல், போலஸ், கார்ப், கானுலா, டார்கெட், கரெக்‌ஷன் என்று ஒரு வார்த்தையும் அம்மா வாயில் வந்தது கிடையாது. வீட்டில் யார் வாயிலும் வந்தது கிடையாது. அதெல்லாம் மொழிக்கும் ஜெசிந்தா சிஸ்டருக்கும் மட்டுமான பாஷை. பம்ப் மாட்டின அன்றைக்கு ஆஸ்பத்திரியில் சிஸ்டர் சொன்னாள், பேசல் வீட்டு ஆள் மாதிரிம்மா, நாள்பூரா சத்தம் போடாம வேலை பாத்துக்கிட்டே இருக்கும், போலஸ் விருந்தாளி மாதிரி, சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வரும் என்று. வந்த விருந்தாளியைத் திருப்பி அனுப்ப முடியாதா சிஸ்டர், பம்பை நிறுத்தினால்? நிறுத்தினால் இனிமேல் போகப்போறதுதான் நிக்கும், போனது போனதுதான், அதுக்குச் சாப்பாடு போட்டே தீரணும். அன்றைக்குச் சிரித்தார்கள் இரண்டு பேரும். சர்க்கரை ஏறினால் கரெக்‌ஷன் உண்டு, மருந்து கொடுத்து இறக்கலாம். இறங்கினால் கரெக்‌ஷன் கிடையாது. இனிப்புத்தான். லட்டு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"ஏன்க்கா, மாமா வாராவளாமா?" என்று நித்யா தலையைத் திருப்பாமல் முணுமுணுத்தாள். தலையில் கனகாம்பரமும் பிச்சியும் அவ்வளவு கனம், பாவம், கழுத்தே ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. "வருவாவ, வருவாவ" என்றாள் மொழி. குரல் சரியாகத்தான் வந்தது. குரல் சரியாக வந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. எழுந்து போய் அம்மாவிடம் பையை வாங்கினால் என்ன? போட்ட இலையை விட்டு ஒருத்தி எழுந்தால் பந்தியே எழுந்த மாதிரி. நிச்சயத்தன்றைக்குப் பெண்ணின் அக்கா இலையை விட்டு எழுந்துவிட்டாள் என்று அம்பாசமுத்திரம் வரைக்கும் போகும். அக்காவுக்குப் பொறாமை என்பார்கள். மூத்தவள் உட்கார்ந்திருக்க இளையவளுக்கு நடக்கிறது, வயிறு எரியாதா என்பார்கள். எரியவில்லையா மொழி உனக்கு? உண்மையைச் சொல். கொஞ்சம் எரிந்தது. நித்யாவுக்குக் கூறைப்புடவை பார்த்த அன்றைக்குக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஆனால் அது நித்யா மேல் எரிச்சல் இல்லை, சத்தியமாக இல்லை. முதலில் வந்த வரன்காரர்களிடம் அப்பா எல்லாவற்றையும் சொன்னார். பதினொரு வயசிலிருந்தே பிள்ளைக்குச் சுகர், இன்சுலின் போடுது, மற்றபடி ஒரு குறையும் இல்லை, பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்குது என்று. அவர்கள் காப்பியைக் குடித்தார்கள், போனார்கள், அவ்வளவுதான். அடுத்து வந்தவர்கள் தரகர் மூலம் சொல்லியனுப்பினார்கள், பொண்ணு தங்கம்தான், ஆனா. அந்த ஆனாவோடு அப்பா வாயை மூடிக்கொண்டார். நித்யாவுக்கு வரன் வந்தபோது பேச்சு அம்மாவுடையதாகிவிட்டது. அக்காவுக்கு இருந்தா தங்கச்சிக்கும் வரும்னு நினைப்பாவ, பெறக்கப்போற பிள்ளைக்கும் வரும்னு நினைப்பாவ, தாலி ஏறுத வரைக்கும் மூச்சு விடப்படாது. கேட்டவர்களிடமெல்லாம், மூத்தவ பி.எச்டி. பண்ணுதா, முடிச்சாத்தான் கல்யாணம்னு ஒத்தக்கால்ல நிக்கா. அம்மா இதைச் சொல்லிச் சொல்லி இப்போது பாதி நம்பவும் ஆரம்பித்துவிட்டாள்.

அம்மாவைக் குறை சொல்லக்கூடாது. எட்டாம் வகுப்பில் பரீட்சை எழுதும்போது மயங்கி விழுந்தாளே, பள்ளிக்கூடத்துக்குச் செருப்பில்லாமல் ஓடி வந்தது யார்? கண்ணைத் திறந்தபோது வாய் முழுக்கச் சீனி, கன்னமெல்லாம் பிசுபிசுப்பு, அம்மா மடியில் தலை. மொழி, மொழி, முழுங்குடா, முழுங்குடா. அந்த அம்மாதான் இந்த அம்மா. இப்போது இங்கே விழுந்தால் அதே மாதிரி ஓடி வருவாள், சந்தேகமே இல்லை. விழுந்த பிறகு ஓடி வருவாள். விழுவதற்கு முந்தி? மொழி தூணைப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள். மொழி கையை லேசாகத் தூக்கி விரல்களை விரித்துக் காட்டினாள், நடுங்குகிறது பார் என்று. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது, புரிந்ததுமே முகம் வெளுத்தது, பையை ஒருகணம் இறுகப் பிடித்தாள், பக்கத்தில் நின்ற காந்திமதியத்தையை ஓரக்கண்ணால் பார்த்தாள், பிறகு மொழியைப் பார்த்துத் தலையை மெதுவாக இடமும் வலமும் ஆட்டினாள். கொஞ்சம் பொறு. உதடு அசைந்தது, கொஞ்சம் பொறு தாயி. சரிம்மா. பொறுக்கிறேன். பொறுக்க எனக்குத் தெரியும், என் ரத்தத்துக்கு யார் சொல்வது? அதற்கு நிச்சயதார்த்தம் தெரியுமா, தாய்மாமன் தெரியுமா?

உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வது போல் இருந்தது. நெஞ்சு தடதடவென்று அடித்தது, பக்கத்தில் இருப்பவளுக்குக் கேட்டுவிடுமோ என்கிற அளவுக்கு. இலையில் அந்த மஞ்சளாக, தேங்காய் போட்டு, எல்லாக் காயும் கலந்து, அதன் பேர் என்ன, தினம் சொல்கிற பேர்தானே, அந்த இது. பேர் வரவில்லை. பேர் போக ஆரம்பித்தால் நன்றாகவே இறங்கிவிட்டது என்று அர்த்தம். பாயசத்துக்கு இரண்டு தரம் அமுக்கியிருக்கிறாய், அதான். இல்லை, ஒரு தரம்தான், மூக்குத்தி, நீதான் மூத்தவளா, ஆமா அத்தை, அமுக்கு. அமுக்கினதற்கு அப்புறம் கேட்டாளா, கேட்டதற்கு அப்புறம் அமுக்கினாளா? இதைக் கண்டுபிடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றியது. சரியாகாது, போனது போனதுதான் என்று ஜெசிந்தா சிஸ்டர் சொன்னாள். மண்டபத்துச் சத்தமெல்லாம் ஒரு குடத்துக்குள் போய்விட்டது. யாரோ வாசலிலிருந்து வந்து, "கார்க் கண்ணாடியவே எறக்க மாட்டேங்காரு" என்றார்கள். யாரோ சிரித்தார்கள். எழவெடுத்த மாமா, உமக்கு ஒரு மாலை, எனக்கு உயிரா? இந்தக் கோபம் என்னுடையது இல்லை, லோ ஆனால் எனக்குக் கோபம் வரும், அது சர்க்கரை இறங்குகிற கோபம். இல்லை, என்னுடையதும்தான். எத்தனை வருஷத்துக் கோபம். ஒரு வீட்டில் போய்ச் சாப்பிடும்போது கழிப்பறைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்த கோபம். இவ்வளவு பயப்படுகிறாயே மொழி, எதற்குப் பயப்படுகிறாய்? செத்துப்போய்விடுவேன் என்றா, தெரிந்துபோய்விடும் என்றா? இரண்டில் எது பெரிசு என்று யோசித்தாள். ஒரு நிமிஷம் யோசிக்கவேண்டியிருந்ததே, அதுவே அவளுக்கு அசிங்கமாக இருந்தது. கண்ணுக்கு முன்னால் இலையின் பச்சை கலங்கிக் கலங்கிப் போனது. நித்யா என்னவோ சொன்னாள். ம் என்றாள் மொழி. இப்போது சொல்லாவிட்டால் பிறகு சொல்ல வாய் இருக்காது. சொன்னால் இவளுடைய கல்யாணம். கல்யாணம், அடியே, கனகாம்பரம் வைத்த என் தங்கச்சியின் கல்யாணம். கை தானாகப் போனது. அவள் அனுப்பவில்லை. மேலே கிடந்த அப்பளம் நொறுங்கியது, அந்தச் சத்தம் அவளுக்கே கேட்டது. லட்டை எடுத்துப் பாதியைக் கடித்தாள்.

எதிர்வரிசை முழுக்க அவள் வாயையே பார்த்தது. அத்தனை கைகளும் மடியில் இருக்க ஒரு கை மட்டும் வாய்க்குப் போனால் யாருக்குத்தான் தெரியாது? பல்லுக்கு நடுவில் பூந்தி நகர மாட்டேன் என்றது, வாயில் எச்சில் இல்லை. மாப்பிள்ளையின் அத்தை மூக்குத்தி மினுங்கச் சிரித்தாள். "பி.எச்டி. படிக்கவளுக்குப் பசி பொறுக்கல போலிருக்கே" என்றாள். நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள். தாய்மாமன் கோபத்தில் இறுகிக் கிடந்த பந்திக்கு ஒரு சிரிப்புக் கிடைத்த சந்தோஷம். மொழி தலையைத் தூக்கவில்லை. சிரிக்கட்டும், தின்னிப்பண்டாரம் என்று சொல்லட்டும், அது பரவாயில்லை, அந்தப் பேரோடு போகட்டும். அதற்குள் அம்மா தூணிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டாள். வந்து, எல்லாரையும் விடப் பெரிதாகச் சிரித்தாள். "அவ சின்னதுலேருந்தே அப்பிடித்தான் மைனி. சாப்பாட்டக் கண்டா பொறுக்கவே மாட்டா. திங்கதுக்குன்னே பெறந்தவ."

சாப்பாட்டைக் கண்டால் பொறுக்க மாட்டாளா? இட்லியை எண்ணித் தின்று, மாம்பழத்தை நிறுத்துத் தின்று, தீபாவளிப் பலகாரத் தட்டை மற்றவர்களுக்கு நீட்டி நீட்டியே வளர்ந்தவள் அவள். பதினொரு வயசிலிருந்து ஒரு கவளமும் கணக்கில்லாமல் இறங்கினதில்லை. அது அம்மாவுக்குத் தெரியும். அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். மொழிக்குக் கண்ணில் நீர் கொட்டியது, லட்டு பாதி மென்ற வாயோடு, துடைக்கக் கையைத் தூக்கினாள், கை முகத்துக்கு வராமல் காதுக்குப் போனது. அப்போதுதான் நித்யா திரும்பினாள். முழுசாகத் திரும்பினாள், பூக்கனத்தோடு, நகையெல்லாம் குலுங்க. அக்காவின் நெற்றியைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள். "எப்பக்கா போலஸ் போட்டே?" என்றாள்.

போலஸ் என்று சொன்னாள் நித்யா. மொழிக்கு அது எங்கோ தூரத்திலிருந்து கேட்டது. இந்த வார்த்தை இவளுக்கு எப்படித் தெரியும், யார் சொல்லிக்கொடுத்தார்கள், நான் சிஸ்டரோடு போனில் பேசும்போதெல்லாம் இவள் சுவருக்கு அந்தப்பக்கம் படித்துக்கொண்டுதானே இருந்தாள்? "எல போட்டதும்" என்றாள். "எல போட்டதும்" என்று இன்னொரு தரம் சொன்னாள். நாக்கு தடித்திருந்தது. நித்யா அக்காவின் கையிலிருந்த லட்டைப் பிடுங்கி இலையில் போட்டாள். "இது வேண்டாம், நெய் இருக்கு, சுகர் ஏற லேட்டாகும். பச்சடியத் தின்னு." தன் இலையிலிருந்த வெல்லப் பச்சடியை மொத்தமாக வழித்து, மருதாணிக் கையாலேயே அக்காவின் வாயில் வைத்தாள். வைத்துக்கொண்டே எதிர்வரிசையைப் பார்த்துச் சொன்னாள், சத்தமாக, நடுக்கம் இல்லாமல்: "எங்கக்காவுக்குப் பசி இல்லத்தை. சுகர். சின்ன வயசுலேருந்தே. சாப்பாட்டுக்கு மருந்து போட்டுட்டா, சாப்பாடு வரல, இப்ப லோ ஆயிட்டு. பம்ப் இடுப்புல இருக்கு, வேணும்னா காட்டச் சொல்லுதேன்."

"ஏட்டி!" என்றாள் அம்மா. அத்தையின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது, எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அதற்கே தெரியவில்லை. மாப்பிள்ளை பாதி எழுந்து, தன் அம்மாவைப் பார்த்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தான். பச்சடியை வாயில் ஒதுக்கிக்கொண்டாள் மொழி. எப்படியாவது இதைச் சரிக்கட்டிவிட வேண்டும். "இல்லத்தை, சும்மா சொல்லுதா, வெளையாட்டுக்கு" என்று ஆரம்பித்தாள், வாயோரம் வெல்லம் ஒழுகியது. "நித்யா, கல்யாணம்டி, உன் கல்யாணம்."

"நின்னா நின்னுட்டுப் போட்டும்" என்றாள் நித்யா. கண்ணில் மை கரைந்து இறங்கிக்கொண்டிருந்தது. "நீ மொதல்ல முழுங்குக்கா."

மொழி முழுங்கினாள். இன்னொரு வாய் வந்தது, அதையும் முழுங்கினாள். அம்மாவுக்குப் போட்டிருந்த இலைப் பச்சடி, அதற்கடுத்த இலைப் பச்சடி என்று நித்யா கையை நீட்டி நீட்டி வழித்துக்கொண்டே போனாள், ஒருவரும் தடுக்கவில்லை. தூணுக்குப் பக்கத்தில் நின்ற காந்திமதியத்தை மெதுவாக நடந்து வந்தாள். கனத்த சரீரம், யாரையும் பார்க்காத நடை. வந்து அம்மாவுக்கு முன்னால் நின்றாள். "இதச் சொல்லாம வச்சது தப்பு மைனி" என்றாள். "ரொம்பத் தப்பு. எனக்கு மனசு கெடந்து அடிக்கி. அதப் பெறகு பேசுவோம்." பிறகு மொழியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், அந்த வியர்வையை, அந்த ஆடுகிற கையை. சோற்று வாளியோடு காத்து நின்ற பரிமாறுகிறவரிடம் திரும்பினாள். "சோத்தப் போடுங்க."

"அத்தை, மாமா இன்னும்" என்று யாரோ இழுத்தார்கள்.

"எங்கண்ணன் வரும்போது வரட்டும். வராட்டி நான் போயி அவன் கால்ல விழுந்துக்கிடுதேன். இந்தப் பிள்ளைக்கு மொதல்ல போடுங்க."

அம்மா மொழியின் நாற்காலியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள், பட்டுச்சேலையோடு. யாரும் அவளைத் தூக்கப் போகவில்லை. மாப்பிள்ளையின் அத்தை தன் இலையை ஒரு அங்குலம் முன்னால் தள்ளி வைத்தாள், சாப்பிடுகிறாளா எழுந்திருக்கப் போகிறாளா என்று தெரியவில்லை. பரிமாறுகிறவர் முதல் இலையைத் தாண்டி, மாப்பிள்ளையின் இலையைத் தாண்டி, சுற்றிக்கொண்டு வந்து மொழியின் இலையில் சோற்றைத் தள்ளினார். ஆவி அடித்தது. பின்னாலேயே பருப்பும் நெய்யும் வந்துகொண்டிருந்தன. மொழி அதற்குக் காத்திருக்கவில்லை. அத்தனை பேரும் பார்க்க, வெறும் சோற்றை அள்ளித் தின்றாள்.